நெருப்பெரிச்சல் வீட்டுக்கு ஒரு பாலிசி

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில். திருப்பூரை ஒட்டி, நெருப்பெரிச்சலில் இருந்த எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் ஒரு பனியன் வேஸ்ட் குடோன். கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிச்சமாகிற துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கி வைத்து விற்கிற இடம். அன்றைக்கு அதில் ஒரு மூலை பற்றிக்கொண்டது. அந்த வழியாகப் போன தண்ணீர் லாரிக்காரர் வண்டியைத் திருப்பி, லாரித் தண்ணீர் முழுவதையும் அதன் மேல் திறந்துவிட்டிருக்கிறார். தகவல் கேட்டு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் சமையலறைச் சுவரின் வெளிப்பக்கம் கரியாகிக் கிடந்தது. கையை வைத்தேன், சுட்டது. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டே, "சாமி, இந்த ஒரு ஊட்டை மட்டும் விட்டுரு, வேற எத வேணாலும் எடுத்துக்க" என்று வாய்விட்டு அழுதேன். எடுத்துக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது சாமிக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் அதில் குடியிருக்கவில்லை. என் கணவர் நிட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணி பின்னுகிற மிஷினுக்குப் பக்கத்திலேயே இரட்டை ஷிப்ட் நின்று கட்டிய வீடு அது. பால் காய்ச்சிய சூடு ஆறுவதற்குள் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதனால் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில், ஒற்றை அறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நெருப்பெரிச்சலில் நான் வீட்டுக்காரம்மா, இங்கே குடித்தனக்காரி. அங்கே குழாயை ஒழுங்காக மூடச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டு வருவேன். இங்கே வந்தால் லைன் வீட்டுச் சொந்தக்காரர் என்னைப் பார்த்து அதையே சொல்லுவார்.

வாடகை வந்தால் என் கணவருக்கு ரத்தம் சுத்தமாகும். வராவிட்டால் ஆகாது. நடுவில் வேறு எதுவும் கிடையாது. நான் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாளெல்லாம் லீவு கேட்கிறவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அதனால் அந்த வாடகை என்பது எனக்குப் பணமே இல்லை. அது அவருடைய உயிர். அந்தச் சுவர் சுட்டதும் நான் ஏன் அப்படி அழுதேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பாலிசி போடுகிறவர் அடுத்த வாரமே வந்தார். ஒரு காலத்தில் என் கணவரோடு ஒரே கம்பெனியில் கணக்கு எழுதியவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினார்.

"கட்டடத்துக்குத் தீ, இடி, புயல், வெள்ளம் இதெல்லாம் ஒண்ணாச் சேந்து வருமுங்க மாஸ்டர். பூகம்பம் தனியாச் சேத்தோணும். திருட்டு தனி. வாடகை இழப்பு தனி. எது எது வேணும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன காசு."

"பூகம்பம் வேண்டாமுங்க," என்றார் என் கணவர் படுத்தபடியே. "அந்த வீதியில நிட்டிங் மிசின் ஓடற ஓட்டத்துக்கு ஊடு தெனமும் ஆடிக்கிட்டுத்தான் இருக்குது. பழகிப் போச்சு."

திருட்டும் வேண்டாம் என்று நான் சொன்னேன். வாடகைக்கு விட்ட வீட்டில் திருடன் வந்து என் பொருள் எதை எடுக்கப் போகிறான்? சுவரில் அடித்த ஆணியைத்தான் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் வாடகை இழப்பு என்ற சொல் என் காதில் விழுந்ததிலிருந்து மற்றது எதுவும் ஏறவில்லை.

"அதென்னங்க வாடகை இழப்பு?"

"ஊடு எரிஞ்சு, குடியிருக்கறவங்க இருக்க முடியாம வெளிய போயிட்டாங்கன்னு வெச்சுக்கங்க. மறுபடி கட்டி முடிக்கற வரைக்கும் உங்களுக்கு வரோண்டிய வாடகையக் கம்பெனி குடுக்குமுங்க."

"அவங்களாக் காலி பண்ணிட்டுப் போயிட்டா?"

"அதுக்குக் கெடையாதுங்கக்கா. ஊட்டுக்குச் சேதம் ஆயிருக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பூரில் வீடு காலியாகக் கிடந்து யார் பார்த்திருக்கிறார்கள்? அப்போதெல்லாம் வெள்ளையடித்த சுவர் காய்வதற்குள் தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் சட்டி பானையோடு வந்து வாசலில் நிற்பார்கள். கோழிக்கூண்டுக்குக் கதவு வைத்தாலும் அட்வான்ஸ் கிடைக்கும். இந்த ஊரில் வாடகை நிற்க வேண்டுமானால் வீடு எரிந்தால்தான் உண்டு என்று மனதார நம்பினேன். கட்டடத்தையும் வாடகை இழப்பையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதுகிறவரிடம், "அப்படியே இவருக்கும் ஒண்ணு போட முடியுமுங்களா?" என்று கேட்டும் விட்டேன்.

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நோவு வந்ததுக்கப்பறம் எடுக்க மாட்டாங்கக்கா."

"எரியற ஊட்டுக்கு எவனாச்சும் பாலிசி குடுப்பானா புள்ள?" என்று என் கணவர் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கடைசியாகப் பாலிசிக்காரர் கேட்டார்: "ஊட்டுக்குள்ள தொழில் எதாச்சும் நடக்குதுங்களா?"

"இல்லீங்க. குடும்பம் குடியிருக்குது."

இதைச் சொல்லும்போது என் மடியில் ஒரு குவியல் பனியன் கிடந்தது. கையில் கத்தரி இருந்தது. தைத்து வருகிற பனியனில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனிகளை வெட்டி எடுப்பதற்குப் பிசிறு வெட்டுவது என்று பெயர். கம்பெனிக்காரர்கள் வண்டியில் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போவார்கள். நான் வெட்டிக்கொண்டேதான் பதில் சொன்னேன். கேட்டவருக்கும் உறைக்கவில்லை, அவரும் இதே ஊர்க்காரர்தானே. எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா ஊட்ல இருக்கறேனுங்க" என்பாள். சொல்கிற நேரத்துக்குள் நாலு பனியனுக்குப் பிசிறு வெட்டியிருப்பாள்.

பக்கத்தில் குடோன் இருப்பதால் வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மெட்ராஸ் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். "ஊர் பேரே நெருப்பெரிச்சலா? இங்க தீ பாலிசியா?" என்று தனியாகச் சிரித்துக்கொண்டார். நானும் பாலிசிக்காரரும் பின்னால் போனோம்.

எங்கள் வீட்டில் குடியிருந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். டெய்லர் வேலைக்குப் போகிற புருஷன், அவன் மனைவி, அவனுடைய அம்மா. கதவுக்கு மேலே ஏசு படம். கதவைத் திறந்ததும் அதிகாரியால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. முன்னறை முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பனியன் மூட்டை. நடுவில் மாமியாரும் மருமகளும் டி.வி.யைப் பார்த்தபடி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள தொழில் எதுவும் இல்லேன்னு சொன்னீங்களேம்மா?"

"இல்லீங்களே."

"அப்ப இது என்ன?"

"இதுங்களா? இது பிசிறுங்க."

"தொழில்லாம் இல்ல சார்," என்றாள் மருமகளும். "சும்மா டி.வி. பாத்துக்கிட்டு வெட்டுதோம்."

அந்த மனிதர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து ஒரு நூலை எடுத்தார். கொண்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "உங்க வீட்லயுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நூல்தானே, இது என்ன வெடிமருந்தா என்று கேட்டேன். அவர் மூட்டைகளைத் தாண்டிப் போய்ச் சமையலறை ஜன்னல் வழியாக வெளிச்சுவரைக் காட்டினார். அன்றைக்கு அழுதுகொண்டே நான் கை வைத்த கரி அங்கேயே இருந்தது.

"சரக்கு உள்ள இருந்தா இதைக் குடியிருப்புன்னு நான் எழுத முடியாதும்மா. தொழில் நடக்கிற இடம்னுதான் எழுதணும். பக்கத்துல குடோனும் இருக்கு, ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. பொய்யா எழுதி வச்சு நாளைக்கு எரிஞ்சா ஒரு பைசா வராது." பேசியவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் போனபிறகு பாலிசிக்காரர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு மூட்டையெல்லாம் எங்கியாச்சும் ஒதுக்கி வெச்சிருங்கக்கா. மறுக்கா வந்து பாத்துட்டு எழுதிட்டுப் போயிருவாரு." பொய் சொல்ல எனக்கொன்றும் தயக்கம் இல்லை. புருஷனைக் காப்பாற்றுகிறேன் என்றால் கோயில் சந்நிதியில் நின்றுகூடப் பொய் சொல்லுவேன். ஆனால் இந்தப் பொய்யால் என்ன பிரயோஜனம்? எரிகிற அன்றைக்குக் காசு தராத பாலிசிக்கு வருஷா வருஷம் காசு கட்டுவதற்குப் பதிலாக, அதை அந்தக் குடோனிலேயே போட்டுவிடலாம்.

மருமகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். "கண்ணு, இந்த மூட்டைகள ஊட்டுக்குள்ள வெக்காம இருக்க முடியுமா?"

"நிறுத்தச் சொன்னா நிறுத்திருதோம் யக்கா. ஆனா ஒங்களுக்கு வாடக குடுக்கதே இதுலருந்துதான். அவிய சம்பளம் ஊருக்கு அனுப்பவும் சோத்துக்குமே சரியாப் போவுது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். மூட்டை இருந்தால் பாலிசி இல்லை. மூட்டை போனால் வாடகை இல்லை. எதைக் காப்பாற்ற நினைக்கிறேனோ, அது அந்த நூல் குப்பையிலிருந்துதான் வருகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் ஜாக்கெட்டில் வெள்ளைப் பிசிறு ஒட்டியிருந்தது. அந்தப் பஸ்ஸில் இருந்த எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

வழி சொன்னது என் கணவர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூட்டைய இங்க கொண்டாரச் சொல்லு," என்றார். "அவங்களும் இங்க வந்து வெட்டட்டும். சாயங்காலம் ஊட்டுக்குப் போகட்டும். அங்க வெறும் குடித்தனந்தான். பொய் இல்லியே?"

"இங்க எங்கீங்க எடம்?"

"கட்டலுக்கு அடியில. எனக்கு இக்கட்ட அக்கட்ட, ரண்டு பக்கமும். நான் எங்க எந்திரிச்சு ஓடப் போறேன்?"

அப்படியே செய்தோம். கம்பெனி வண்டி எங்கள் சந்துக்கு வந்து மூட்டையை இறக்கியது. மாமியாரும் மருமகளும் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போனார்கள். லைன் வீட்டுச் சொந்தக்காரர் தடுக்கவில்லை. அவர் இன்ஷூரன்ஸ் போடாதவர், அதனால் அவருக்குக் கவலை இல்லை. மெட்ராஸ் அதிகாரி மறுபடியும் வந்து, நெருப்பெரிச்சல் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துவிட்டுக் குடியிருப்பு என்று எழுதினார். பாலிசி தபாலில் வந்ததும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தேன்.

அந்தக் காலத்தைப் பற்றி நான் பொய்யாக அலுத்துக்கொள்ள மாட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அறைக்குள் நடக்க இடமில்லை, தட்டில் விழுந்த இட்லியிலும் நூல். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்த மனிதருக்குப் பேச ஆள் கிடைத்தது. அவரும் ஒரு கத்தரி வாங்கிக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கையை அசைக்காமல் மடியில் வைத்து, வலது கையால் வெட்டுவார். வெட்டிவிட்டு, மாஸ்டர் அல்லவா, தையல் சரியில்லை, துணியில் கோடு விழுந்திருக்கிறது என்று குறை சொல்லுவார். அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகத்தில் சொம்பைப் பார்த்தாரென்றால் அந்தத் தூத்துக்குடி மாமியார் எலுமிச்சைத் துண்டை நறுக்கி நீட்டுவார். "தண்ணி வேண்டாம்யா, இதச் சப்புங்க." அவரும் சின்னப் பிள்ளைபோல வாங்கிச் சப்புவார்.

பாலிசியை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். குடோன் பக்கம் பிறகு ஒரு பொறிகூட விழவில்லை. விழுந்தால் விழட்டும் என்று எனக்குத் தைரியம் வந்திருந்தது.

பிறகு ஒரு வருஷம் பனியன் கம்பெனிகளுக்கு வருகிற ஏற்றுமதி ஆர்டர் நின்றது. வெளிநாட்டில் எங்கேயோ பாங்குகள் கவிழ்ந்துவிட்டன என்று பேப்பரில் போட்டார்கள். அதற்கும் எங்கள் சந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே கம்பெனி வண்டி வருவது குறைந்தது. பிறகு வரவே இல்லை. கட்டிலுக்கு அடியில் கடைசியாக இருந்த மூட்டையை வெட்டி முடித்தோம். கொண்டுபோக யாரும் வரவில்லை. என் கணவர் கத்தரியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

தூத்துக்குடிக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. டெய்லருக்கு வேலை போய், அட்வான்ஸில் கழிய வேண்டியதெல்லாம் கழிந்த பிறகும் அந்தப் பெண் என்னிடம் சாவியைக் கொடுக்கத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். "ஒங்களக் கைவிட்டுட்டோம்னு நெனச்சிராதீய யக்கா," என்று அழுதாள். நான் எதை நினைப்பது? வீதிக்கு வீதி 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. கோழிக்கூண்டு என்று நான் கேலி செய்த அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆளில்லை, அந்த வருஷம் ஊரே விற்கிற பக்கம்தான் நின்றது.

கிடைக்காது என்று தெரிந்தேதான் பாலிசிக்காரர் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது?

"வாடகை நின்னு போச்சுங்க," என்றேன்.

"ஊட்டுக்கு எதாச்சும் ஆச்சுங்களாக்கா?"

"இல்லீங்க. நல்லா இருக்குது."

"அப்பறம் எப்படீங்க?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் நாளே சொன்னதுதான். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் ஒன்றாகியது. டாக்டர் என்னைத் திட்டினார், கால் வீங்குகிறது பாருங்கள், மூச்சு வாங்குகிறது பாருங்கள் என்று. நான் பார்க்காமலா இருக்கிறேன்? தோடும் போயிற்று, அவருடைய கைக்கடிகாரமும் போயிற்று. அந்த ஒரு டயாலிசிஸும் அடுத்த வாரம் நடக்குமா என்று தெரியவில்லை. இருப்பதெல்லாம் அந்த வீடுதான். ஒரு கீறல் இல்லாமல், கல்லும் சுண்ணாம்புமாக, எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் அது நின்றுகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் வீட்டைக் கூட்டிவிட்டு வரலாம் என்று போனேன். யாராவது பார்க்க வந்தால் தூசியாக இருக்கக் கூடாதே. முன்னறையில் மூலைகளில் இன்னும் பழைய பிசிறு சுருண்டு கிடந்தது. கூட்டிக் குவித்தேன். அப்போது சமையலறை ஜன்னல் வழியாகப் புகை வந்தது. துணி எரிகிற நாற்றம். குடோன் பக்கமிருந்துதான்.

நான் ஓடவில்லை. வாளியைத் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பாலிசி முடிய இன்னும் நாள் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. வீட்டில் ஆளில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது. வா, என்றேன். வாய்விட்டே சொன்னேன். இதே சுவரைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டை விட்டுவிடு என்று கதறியவள்தான், இப்போது இதை எடுத்துக்க என்று அதே சாமியைக் கும்பிட்டேன். புகை அடர்த்தியாக வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குடோன் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, புகை உள்ள வருதுங்களா? பயந்துட்டீங்களாட்ட இருக்குது. ஒண்ணுமில்லீங்க, வாசக் கூட்டின குப்பையத்தான் போட்டு எரிக்கறேன். இதா, தண்ணி ஊத்தி அமத்திடறேன்."

சுர்ரென்று சத்தம் கேட்டது. புகை மெலிந்து நின்றது. எனக்கு அப்படி ஓர் ஏமாற்றமாக இருந்தது. குவித்த பிசிறை முறத்தில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போதெல்லாம் உட்கார்ந்தேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஊடு எப்படி இருக்குது புள்ள?"

"நல்லா இருக்குதுங்க."

"சீல புகை நாத்தமடிக்குது. குடோன்ல எதாச்சும்..."

"குப்பை எரிச்சாங்க. நம்முளுதுக்கு ஒண்ணும் ஆகலீங்க."

"அப்பாடா," என்று கண்ணை மூடிக்கொண்டார். "அது ஒண்ணு நின்னாப் போதும். அது இருக்கற வரைக்கும் நமக்குப் பயமில்ல."

சோறு வடிக்க நேரமாகிவிட்டது. நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.